விண்கல் விழுந்தால் தவணை கட்ட வேண்டுமா?

2032 டிசம்பர் 22, புதன்கிழமை. இந்தத் தேதிக்கு 2025 பிப்ரவரியில் சில நாட்கள் பெரிய மவுசு. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் அன்றைக்குப் பூமியில் மோத 3.1 சதவீதம் வாய்ப்பு என்று நாசா கணக்குச் சொன்னதும், வானியலாளர்களைவிட ஆர்வமாக நாள் எண்ணியவர்கள் வேறு ஆட்கள். இருபது வருஷ வீட்டுக்கடன்காரர்கள், நகையை அடகு வைத்துவிட்டு மீட்க வழி தெரியாதவர்கள், அந்த வாரம் அரையாண்டுத் தேர்வு எழுதப்போகும் வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள். “கணக்குப் பரீட்சைக்கு முன்னாடி விழுமா, பின்னாடி விழுமா?” என்பது நியாயமான கேள்விதான்.

இழவு வீட்டுத் திண்ணையில் சீட்டாடிக்கொண்டே கிண்டலடிப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் கிண்டல் எடுபட வேண்டுமானால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். விண்கல் ஜோக்குகளில் பாதி கணக்கில்தான் இடறுகின்றன. ஆகவே முதலில் அந்தத் தவணை ஜோக்கையே பிரித்துப் பார்ப்போம்.

ஒய்ஆர்4-இன் விட்டம் ஏறத்தாழ 60 மீட்டர். மேட்டூர் அணைச் சுவரின் மொத்த உயரம் 214 அடி, அதாவது 65 மீட்டர். (செய்தியில் தினமும் கேட்கும் 120 அடி என்பது நீர்மட்டம்.) அந்தச் சுவர் உயரத்துக்கு உருண்டையாக ஒரு கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உலகத்தை அழிக்காது. அழிக்க வந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகாடன் பக்கம் விழுந்த கல். அதன் விட்டம் சுமார் 10 கிலோமீட்டர். தரையில் வைத்திருந்தால் உச்சி ஏற்காட்டைவிட ஆறு மடங்குக்கு மேல் உயரத்தில் இருந்திருக்கும். டைனோசர் கதை முடிந்தது அந்த அளவில்.

60 மீட்டர் கல் சேலத்துக்கு மேலே வெடித்தால் போவது சேலம்தான். உங்கள் கடன் கணக்கு இருக்கும் கணினி மும்பையிலோ ஐதராபாத்திலோ பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கும். வீடு இருக்காது, கடன் இருக்கும். 5-ஆம் தேதி எஸ்எம்எஸ் வரும். ஆக, தவணை தள்ளுபடியாக வேண்டுமென்றால் குறைந்தது ஒரு கிலோமீட்டர் கல்லுக்காவது வேண்டிக்கொள்ள வேண்டும். அந்த அளவில் பூமிக்கு அருகே சுற்றுபவற்றில் சுமார் 95 சதவீதத்தைக் கண்டுபிடித்துப் பாதை போட்டாயிற்று. அடுத்த நூறு ஆண்டில் எதுவும் நம்மேல் விழுவதாகத் தெரியவில்லை. கடன்காரர்களுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விண்வெளியில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அது சிறுகோள். காற்றில் நுழைந்து ஒளிரும்போது எரிமீன், ஊர்வழக்கில் எரிநட்சத்திரம். தரையில் கையில் எடுக்கக் கிடைத்தால் விண்கல். ஒரே ஆள்தான்; ஊரில் ஒரு பெயர், வேலை செய்யுமிடத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர்.

ரயில்வே கேட் கணக்கு

3.1 சதவீதம் என்றால் என்ன? நூறு பேரில் மூன்று பேர் சாவார்கள் என்று அர்த்தமில்லை. பூமியின் 3.1 சதவீதம் அழியும் என்றும் இல்லை. கல் யோசித்துக்கொண்டிருக்கிறது, இன்னும் முடிவெடுக்கவில்லை என்றும் இல்லை. இந்த மூன்றாவது தப்புதான் படித்தவர்களிடமும் அதிகம் காணக்கிடைப்பது. கல் போகிற பாதை ஏற்கெனவே முடிவான விஷயம். தெரியாதது நமக்குத்தான். சதவீதம் அளப்பது நம் அறியாமையை.

இதைப் புரிந்துகொள்ள ஆளில்லாத ரயில்வே கேட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் வருவது பூமி. ஒரு நிமிடம்கூடப் பிந்தாத ரயில். நொடிக்குச் சுமார் 29.8 கிலோமீட்டர் வேகம், நீளம் 12,742 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: கேட்டைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 7 நிமிடம். குறுக்கே வரும் சாலையில் சிறுகோள், பிரேக் இல்லாத பைக். ரயில் கேட்டில் இருக்கும் அந்த 7 நிமிடத்துக்குள் பைக் வந்தால் மோதல். எட்டு நிமிடம் முந்தியோ பிந்தியோ வந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம்.

பெரும்பாலான சிறுகோள்களுக்கு இந்தக் கேட்டே கிடையாது. அவற்றின் பாதை நம் பாதைக்கு மேலேயோ கீழேயோ போகிறது. சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தில் மேலே போகும் காரும் கீழே போகும் பஸ்ஸும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும், நிஜத்தில் முட்டிக்கொள்வதில்லை. பாதை சமதளத்தில் வெட்ட வேண்டும், நேரமும் ஒத்துப்போக வேண்டும். இரண்டும் சேர்வது அபூர்வம் என்பதால்தான் இதைப் படிக்க நாம் மிஞ்சியிருக்கிறோம்.

இப்போது சதவீதம். கல்லைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறோம், நான்கு நாள் படங்கள்தான் கையில் இருக்கின்றன. ஏழெட்டு ஆண்டு கழித்து அது கேட்டுக்கு எப்போது வரும் என்று இதை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. “காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்தே முக்காலுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும்” என்றுதான் சொல்ல முடியும். அதாவது சுமார் 700 நிமிட இடைவெளி. அதில் ரயில் கேட்டைக் கடக்கும் 7 நிமிடமும் அடங்கினால், கணக்கைச் சுருக்கிச் சொன்னால், 700-இல் 7, அதாவது 1 சதவீதம்.

ஒரு வாரம் கழித்து இன்னும் நல்ல படங்கள் வருகின்றன. இடைவெளி 350 நிமிடமாகச் சுருங்குகிறது. ரயிலின் 7 நிமிடம் இன்னும் உள்ளேதான். இப்போது 2 சதவீதம். இன்னும் படங்கள், இடைவெளி 225 நிமிடம்: 3.1 சதவீதம். செய்தி வாசிப்பவர் குரல் மாறுகிறது. “ஆபத்து மூன்று மடங்கானது!” உண்மையில் ஆபத்து அப்படியே இருக்கிறது. கல் அதே பாதையில் போகிறது. சந்தேகப் பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விடுவிக்கப்பட, மிச்சமிருப்பவர்கள்மேல் சந்தேகம் கூடியது, அவ்வளவுதான். அடுத்த படத்தில் இடைவெளி 100 நிமிடமாகிறது, அந்த 100-க்குள் ரயிலின் 7 நிமிடம் இல்லை. வாய்ப்பு ஒரே நாளில் படுத்துவிடுகிறது.

ஏறி ஏறி வந்து சட்டென்று விழுவது இந்த எண்ணின் சுபாவம். மோதாத கல்லுக்கும் அப்படித்தான் ஏறும். மோதப்போகிற கல்லுக்கு மட்டும் விழாமல் 5, 20, 60, 100 என்று போய்க்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. நகைச்சுவை எழுதுபவர்களுக்குப் பிழைப்பு ஓடுவது இந்த இடைப்பட்ட வாரங்களில்.

ஒய்ஆர்4 இதை வரிசை தப்பாமல் செய்து காட்டியது. சிலி நாட்டின் ரியோ உர்தாடோவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதை 2024 டிசம்பர் 27-இல் கண்டது. அதாவது அது பூமிக்கு மிக அருகில் வந்துபோய் இரண்டு நாள் கழித்து. விருந்தாளி கிளம்பிப் போனபிறகு வாசற்கதவைத் திறந்த கதை. 2025 ஜனவரி கடைசியில் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியது. 10 மீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கு 1 சதவீதத்தைத் தாண்டினால் சர்வதேசச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறைப்படி அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு, அறிவித்தது. பிப்ரவரி 18-இல் 3.1. அடுத்த நாள் 1.5. ஒரு வாரத்துக்குள் 0.004. மோதக்கூடிய பட்டை கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி தென் அமெரிக்காவின் வடக்கு, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியாவரை நீண்டது. அதனால்தான் நம் தொலைக்காட்சிகளுக்கும் கொஞ்ச நாள் தீனி கிடைத்தது.

பெரிய கல்லா, சின்னக் கல்லா

அளவு விஷயத்தில் செய்திகள் செய்யும் கோளாறு வேறு வகை. தொலைநோக்கிக்குத் தெரிவது ஒரு ஒளிப்புள்ளி மட்டுமே. வெளிச்சத்தை வைத்துத்தான் விட்டத்தை ஊகிக்கிறார்கள். வெள்ளைக் கல் சின்னதாக இருந்தாலும் பளிச்சென்று தெரியும். கரிக்கட்டை பெரிதாக இருந்தாலும் மங்கலாகத் தெரியும். ஒய்ஆர்4-க்கு முதலில் 40 முதல் 90 மீட்டர் என்றார்கள். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். மாம்பழ மண்டிக்காரரிடம் கேட்டால் விளக்குவார்: விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. 40-க்கும் 90-க்கும் எடையில் வித்தியாசம் 11 மடங்குக்கு மேல். மோதும் ஆற்றலும் அதே விகிதத்தில் கூடும். பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்த பின்புதான் 60 மீட்டர் என்று நிலைத்தது.

இந்த அளவில் நடந்த அசல் உதாரணம், 1908 ஜூன் 30, சைபீரியாவின் துங்குஸ்கா. சுமார் 50 முதல் 60 மீட்டர் கல் தரையைத் தொடாமலே காற்றில் வெடித்து 2,150 சதுர கிலோமீட்டர் காட்டைப் படுக்கவைத்தது. சேலம் மாவட்டத்தின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. அதை வட்டமாக்கினால் ஆரம் 26 கிலோமீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டில் முள்ளை ஊன்றி காம்பஸ் சுற்றினால் ஓமலூர் உள்ளே, ஆட்டையாம்பட்டி உள்ளே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களோடு ஏற்காடும் உள்ளே. நேர்கோட்டில் ஏற்காடு வெறும் 14 கிலோமீட்டர்தான். இருபது கொண்டை ஊசி வளைவு நமக்குத்தான், அதிர்ச்சி அலைக்கு இல்லை. மேட்டூர் வெளியே. அங்கே வழக்கம்போல நீர்மட்டம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதேபோன்ற கல் பூமியில் எங்காவது விழுவது தோராயமாக ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை. பூமியின் மொத்தப் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். அதை 2,150-ஆல் வகுத்தால் சுமார் 2,37,000. அதாவது நீங்கள் நிற்கும் இடம் ஒரு துங்குஸ்காவுக்குள் மாட்டுவது, இதே வேகத்தில் போனால், 24 கோடி ஆண்டுக்கு ஒருமுறை. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி. கணக்குப்படி அது இந்நேரம் பத்து முறையாவது அடிவாங்கியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்காததுபோல மேலே காப்பி விளைகிறது.

3.1 சதவீதம் உச்சத்தில் இருந்த அன்றே ஒரு தனி மனிதருக்கு என்ன ஆபத்து? கல் எங்கே விழவும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 32-இல் ஒன்றை 2,37,000-இல் ஒன்றால் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 76 லட்சத்தில் ஒன்று. பட்டைக்குள் இருப்பவர்களுக்குச் சில மடங்கு கூடும். பக்கத்திலேயே வேறொரு எண்ணையும் வைத்துப் பாருங்கள். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். 140 கோடியில் வகுத்தால் ஓர் ஆண்டில் சுமார் 8,300 பேருக்கு ஒருவர். எட்டு ஆண்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர். வானத்தைப் பார்த்தபடி ஹெல்மெட் இல்லாமல் ஏற்காடு மலைப்பாதையில் இறங்குபவருக்கு எந்தக் கல் முதலில் வரும் என்பதில் சந்தேகமில்லை. மைல்கல்.

“பூமியை நெருங்கும் சிறுகோள்” என்ற தலைப்புக்கும் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பூமி 10 சென்டிமீட்டர் மல்கோவா என்றால் நிலவு இருப்பது 3 மீட்டர் தள்ளி. 140 மீட்டருக்கு மேற்பட்டு, பாதை நம் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வரும் சிறுகோளைத்தான் ‘ஆபத்து விளைவிக்கக்கூடியது’ என்ற வகையில் சேர்க்கிறார்கள். மல்கோவா அளவில் அது 59 மீட்டர். தெருக்கோடியில் ஒருவர் நடந்துபோனதை “வீட்டுக்குள் புகுந்தார்” என்று எழுதுவதுபோல. படிக்கும்போது கிலோமீட்டர் எண்ணைத் தேடி, நிலவின் தூரமான 3,84,400-ஆல் வகுங்கள். விடை ஒன்றுக்கு மேல் என்றால் டீயைக் குடித்து முடிக்கலாம்.

நாசா பட்டியலைப் படிப்பது

நாசாவின் சென்ட்ரி பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கல்லின் பெயர், மோத வாய்ப்புள்ள ஆண்டுகள், எத்தனை வாய்ப்புகள், மொத்தச் சாத்தியம், வேகம், விட்டம், கடைசியில் டொரினோ எண். புதிதாகப் பார்ப்பவர்கள் ஆண்டைப் பார்த்துப் பதறுகிறார்கள். டொரினோ எண்ணை முதலில் பாருங்கள். 0 முதல் 10 வரை போகும் ஆபத்து அளவு அது. 0 என்றால் கவலையில்லை. 1 என்றால் வழக்கமான கண்டுபிடிப்பு. 8-க்கு மேல்தான் மோதல் உறுதி. ஒய்ஆர்4 மூன்றுவரை ஏறியது. இதுவரை யாரும் தொட்ட உச்சம் நான்கு. அது அபோஃபிஸ் என்ற சிறுகோள், அதைக் கடைசியில் பார்ப்போம்.

சாத்தியக் கட்டத்தில் ‘3.7e-4’ என்பதுபோல இருக்கும். நடுவில் இருக்கும் எழுத்தைக் கவனிக்காமல் 3.7 என்று படித்துத் தலைப்பு போடுவது நடக்கிற தப்பு. கழித்தல் 4 என்றால் புள்ளியை நான்கு இடம் இடப்பக்கம் தள்ள வேண்டும்: 0.00037, சதவீதத்தில் 0.037. இந்த எண் நான் இட்டுக்கட்டியதில்லை. பென்னு என்ற அரை கிலோமீட்டர் சிறுகோள் 2182 செப்டம்பர் 24-இல் மோதும் சாத்தியம் இதுதான், 2,700-இல் ஒன்று. அன்றைக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பது கொள்ளுப்பேரனுக்கும் கொள்ளுப்பேரன்.

பட்டியலில் இல்லாத கல்தான் தொல்லை. 2013 பிப்ரவரி 15-இல் 2012 டிஏ14 என்ற சிறுகோள் 27,700 கிலோமீட்டரில் கடக்கப்போகிறது என்று உலகமே முன்வாசலில் காத்திருந்தது. அன்று காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சம்பந்தமே இல்லாத இன்னொரு கல், சுமார் 20 மீட்டர், கொல்லைப்புறமாக வந்து வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகம், வெடித்த உயரம் சுமார் 30 கிலோமீட்டர். காயம்பட்டவர்கள் 1,500 பேர். இறந்தவர் எவரும் இல்லை.

காயங்களில் பெரும்பகுதி கண்ணாடியால் வந்தவை, காரணமும் தெளிவு. முதலில் வெளிச்சம். ஒலி கிலோமீட்டருக்கு மூன்று நொடி எடுத்துக்கொள்ளும் என்பதால், 30 கிலோமீட்டர் உயரத்தில் நடந்த வெடிப்பின் அதிர்ச்சி அலை வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் எல்லோரும் என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். ஒன்றரை நிமிடம் என்பது போனைத் தேடி எடுத்து, கேமராவைத் திறந்து, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக்கொள்ளக் கச்சிதமாகப் போதுமான நேரம்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். வானம் சூரியனைவிடப் பிரகாசமாக வெளுத்தால் அதைப் பார்க்காதீர்கள். ஜன்னலை விட்டு விலகி, கண்ணாடி இல்லாத உள்ளறைக்கோ நடைக்கோ போங்கள். குப்புறப் படுத்துக் கழுத்தையும் தலையையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். கட்டில், பெஞ்சு இருந்தால் அடியில். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் இது இன்னும் முக்கியம். ஐந்து நிமிடம்வரை எழுந்திருக்காதீர்கள். ஒரு கல் பல துண்டாக வெடித்தால் அலையும் ஒன்றுக்கு மேல் வரும். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நிற்பவர்களுக்கு மொத்தச் சேலமும் தெரியும் இடம் என்ற பெருமை உண்டு. அன்றைக்கு அதுவே பாதகம்.

கீழே கிடந்தால்

1954-இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஆன் ஹாட்ஜஸ் என்ற பெண் மத்தியானம் சோபாவில் படுத்திருந்தபோது 3.8 கிலோ விண்கல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து, வானொலிப் பெட்டியில் பட்டுத் தெறித்து அவர் இடுப்பில் விழுந்தது. பெரிய கன்றலோடு பிழைத்தார். மத்தியானத் தூக்கத்தைப் பழிப்பவர்களுக்கு வரலாற்றிலிருந்து கிடைக்கும் ஒரே ஆதாரம் இதுதான்.

நம் பக்கத்தில் 2016 பிப்ரவரியில், அப்போது வேலூர் மாவட்டத்திலிருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து பஸ் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் தரையில் நடந்த வெடிப்புபோலத்தான் இருக்கிறது என்றார்கள். சின்ன விண்கல் விழுந்தால் குழி விழும், வெடிக்காது, தீப்பிடிக்காது, எடுத்துப் பார்த்தால் அனலாகக் கொதிக்கவும் கொதிக்காது. உட்புறம் கோடிக்கணக்கான ஆண்டு விண்வெளிக் குளிரில் கிடந்தது, காற்றில் எரிவதோ சில நொடி, அதுவும் மேல்தோல் மட்டும்.

வயலில் கறுப்புக் கல் கிடைத்தால் காந்தத்தை ஒட்டிப் பார் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். சேலத்தில் அந்தச் சோதனை செல்லாது. கஞ்சமலை முழுக்க மேக்னடைட் இரும்புத்தாது; அங்கிருந்து உருண்டு வந்த எந்தக் கல்லும் காந்தத்தில் ஒட்டும். உலையில் கழித்த கசடும் ஒட்டும். இங்கே பார்க்க வேண்டியது மேலோடு: நகக்கனம்கூட இல்லாத கறுப்புப் படலம், உடைந்த இடத்தில் உள்ளே வெளிர் நிறம், முனைகள் மழுங்கியிருக்கும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். உள்ளே குமிழ்க் குமிழாக ஓட்டை இருந்தால் அது கசடு. விண்கல்லுக்குக் குமிழி கிடையாது.

தள்ளிவிட முடியுமா?

குண்டு வைத்துத் தகர்த்துவிடலாமே என்பவர்களுக்கு எந்தக் கல்குவாரிக்காரரும் பதில் சொல்வார்: பாறையை உடைத்தால் ஜல்லி, அந்த ஜல்லி லாரியும் அதே ரோட்டில்தான் வரும். நல்ல வழி அந்த 7 நிமிடத்தில் இருக்கிறது. பைக்கை நிறுத்த வேண்டாம், நொறுக்க வேண்டாம், சில நிமிடம் தாமதப்படுத்தினால் போதும்.

பத்து ஆண்டு முன்கூட்டியே தெரிந்தால் வேகத்தில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றம், எறும்பு ஊருகிற வேகம், பத்து ஆண்டில் 3,150 கிலோமீட்டராகச் சேர்ந்துவிடும். சுற்றுப்பாதையின் இயல்பால் உண்மையில் இன்னும் சில மடங்கு கூடும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால் அது போதும். பத்து நாள் முன்பு தெரிந்தால் அதே தள்ளல் ஒன்பது கிலோமீட்டர்கூட நகர்த்தாது. அரூரில் விழ வேண்டியது ஆத்தூரில்கூட விழாது, அரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் விழும்.

2022 செப்டம்பர் 26-இல் நாசாவின் டார்ட் கலம் இதை நிஜமாகச் செய்து பார்த்தது. நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போய், 160 மீட்டர் அளவுள்ள டிமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோளில் மோதியது. பெரிய சகோதரனை அது ஒருமுறை சுற்ற எடுத்துக்கொண்ட 11 மணி 55 நிமிடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. வேக மாற்றம் நொடிக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பதினோரு மணி நேர வேலையில் அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க வரலாற்றில் இவ்வளவு செலவு செய்த மேலாளர் வேறு யாருமில்லை.

கடைசியாக அபோஃபிஸ். சுமார் 340 மீட்டர். 2004 டிசம்பர் கடைசி வாரத்தில், 2029 ஏப்ரல் 13-இல் மோத 2.7 சதவீதம் என்று ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் அதைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. டிசம்பர் 26 காலையில் நம் கடற்கரைக்கு வந்தது வேறொன்று. அடுத்த நாளே, மார்ச் மாதம் எடுத்து யாரும் கவனிக்காமல் கிடந்த பழைய படங்களில் அந்தப் புள்ளி கிடைத்தது. இடைவெளி சுருங்கி, 2029 மோதல் இல்லையென்று ஆனது. 2021-இல் ரேடார் அளவீடுகள் அடுத்த நூறு ஆண்டுக்கும் கவலையில்லை என்று முடித்துவைத்தன.

ஆனால் வரத்தான் போகிறது. தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர், நம் டிவி சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோள்களைவிடக் கிட்டே. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆட்கள் வெறுங்கண்ணால் பார்க்கலாம். உலக நேரப்படி அது வெள்ளிக்கிழமை 13-ஆம் தேதி. நம் கடிகாரப்படி ஏப்ரல் 14, அதிகாலை மூன்றே கால், சித்திரை ஒன்று பிறக்கும் விடிகாலை. அரசு விடுமுறை. நாள்காட்டியைப் பார்த்தால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் அதுதான். வங்கிக்காரர்களுக்கு எப்படியும் கிடைத்திருக்கவேண்டிய லீவு ஒன்று வீண்.